பெலே மலையின் அடிவாரத்தில்…

மார்த்தினிக் தீவுக்குப் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடக் கூடாது. வடமேற்குக் கரையில் இருக்கும் சேன் பியேர் ஊரையும், அதற்கு மேலே ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் நிற்கும் பெலே எரிமலையையும் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தப் பிரெஞ்சுத் தீவின் தலைநகரம் ஃபோர் தெ ஃபிரான்ஸ். ஆனால், 1902 வரை பணமும் பகட்டும் புழங்கியது சேன் பியேரில்தான். 'கரீபியனின் பாரிஸ்' என்று அதற்குப் பெயர்.

அந்த ஆண்டு ஏப்ரலில் மலை புகையத் தொடங்கியது. தெருக்களில் சாம்பல் படிந்தது. மே 5 அன்று மலையிலிருந்து பாய்ந்த கொதிசேறு ஒரு சர்க்கரை ஆலையை மூடி, அங்கிருந்தவர்களைக் கொன்றது. இதற்குப் பிறகும் ஊரைக் காலி செய்யச் சொல்லவில்லை. மன்னிக்க முடியாத அலட்சியம் இது. ஆளுநர் லூயி மூத்தே தன் மனைவியுடன் அந்த ஊருக்கே வந்து தங்கினார்.

மே 8, காலை எட்டு மணி. அனல் வாயுவும் சாம்பலும் சேர்ந்த கருமேகம் மலைச்சரிவில் உருண்டு இறங்கியது. சில நிமிடங்களில் சுமார் 28,000 பேர் மாண்டனர். ஆளுநர் தம்பதியும் அதில் அடக்கம். எரிமலை என்றால் நெருப்புக் குழம்புதான் ஆபத்து என்று நினைத்திருந்த உலகம் அன்று விழித்துக்கொண்டது. இத்தகைய வெடிப்புக்கு இன்றும் பெலேயின் பெயரைத்தான் அறிவியலாளர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஊருக்குள் பழைய நாடக அரங்கின் கற்படிகள் மிச்சமிருக்கின்றன. அதை ஒட்டியே சிறைச்சாலை. அங்கே தனியறை ஒன்று முழுசாக நிற்கிறது. தடித்த கற்சுவர், வளைந்த கூரை, ஜன்னல் கிடையாது. கதவுப் பக்கம் மட்டும் சின்னத் திறப்பு. அதன் வழியே புகுந்த அனலில் உடல் வெந்துபோய், தண்ணீரை மட்டுமே குடித்துக் கிடந்த சிபாரிஸ் என்ற கைதியை நாலாவது நாள் மீட்டார்கள். பின்னாளில் ஓர் அமெரிக்க சர்க்கஸ் அவரைக் காட்சிப்பொருளாக ஊர் ஊராகக் கூட்டிப் போனது.

2023-ல் யுனெஸ்கோ பெலே மலையையும் வடக்கு மார்த்தினிக்கின் காடுகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கும் இந்த மண்ணோடு உறவு உண்டு. அடிமைமுறை 1848-ல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 மே மாதத்தில் இந்தியர்களுடன் முதல் கப்பல் வந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். மலைக்கு அந்தப்பக்கம் பாஸ் புவான்த் பகுதியில் அவர்களுடைய வாரிசுகள் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெலேயைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கோயிலுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.