தட்டு மறையும் ஆழம்

சோறு தின்னும் பீங்கானைவிடச் சற்றுச் சின்னது. குறுக்கே 20 சென்ரிமீற்றர். நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பகுதிகளில் கறுப்பும் வெள்ளையும் பூசியிருக்கும். நடுத் துளையில் கயிறு, கயிற்றில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு, அடியில் ஓர் இரும்புத் துண்டு. கல்லடிப் பாலத்துக்கு அப்பால் தோணியிலிருந்து இரண்டு மாணவிகள் இதை இறக்கியபோது, சவள் வலித்துக்கொண்டிருந்த ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன புள்ள, பீங்கான் கழுவவா ஆத்துக்கு வந்த நீங்க?"

எழுத்தில்தான் அது மட்டக்களப்பு வாவி. இங்குள்ளவர் வாயில் ஆறுதான்.

அந்தத் தட்டுக்குச் செக்கித் தட்டு என்று பெயர். அதன் பிறந்தநாள்கூடத் தெரியும்: 1865 ஏப்ரல் 20. பாப்பரசரின் 'இம்மாக்கொலாத்தா கொன்செசியோனே' என்ற நீராவிக் கப்பல் இத்தாலியின் சிவித்தாவெக்கியாத் துறைக்கு அப்பால் நிற்கிறது. கடல் எவ்வளவு ஆழம்வரை கண்ணுக்குத் தெரியும் என்று அறிய விரும்பிய தளபதி சியால்டி, ரோமாபுரியில் விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த இயேசு சபைத் துறவி அஞ்சலோ செக்கியை அழைத்திருந்தார். அன்று இறங்கிய தட்டு 43 சென்ரிமீற்றர், முழு வெள்ளை. பிறகு இரும்பு வளையத்தில் கித்தானை இழுத்துக் கட்டி, மூன்றரை மீற்றருக்கு மேல் அகலமான வட்டங்களையும் இறக்கிப் பார்த்தார்கள். வெயில் எங்கே நிற்கிறது, கப்பலின் நிழல் எந்தப் பக்கம், பார்ப்பவர் கண் நீருக்கு எவ்வளவு மேலே என்று எல்லாவற்றையும் செக்கி குறித்துக்கொண்டார். 1899இல் அமெரிக்க நீர்ப் பொறியியலாளர் ஜோர்ஜ் விப்பிள் அதைச் சுருக்கிக் கறுப்பும் பூசினார். இன்று நம் கைக்கு வரும் தட்டு அவருடையது. தென்துருவத்தின் வெடல் கடலில் 1986இல் ஒரு தட்டு 79 மீற்றர் இறங்கிய பிறகுதான் மறைந்தது. எங்கள் ஆற்றில் கணக்கு சென்ரிமீற்றரில்தான்.

செக்கியின் தட்டு இங்கே வருவதற்கு முன்பே அவருடைய சபை மட்டக்களப்புக்கு வந்துவிட்டது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானபோது இந்தக் கரையும் அதனோடு இயேசு சபையார் பொறுப்பில் போனது. முதலில் பிரெஞ்சுக்காரர்கள், பின்னாளில் அமெரிக்கர்கள். அந்த அமெரிக்கர்களில் லாங் என்ற பாதிரியார்தான் இந்த வாவிக்குள் கேட்கும் பாடும் மீனின் ஒலியைப் பதிவு செய்து வானொலி வரை கொண்டுபோனவர். அவருக்கு முன் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1848இல் இதே நீரில் தோணியேறி அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். சவளின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைப்பது இங்கே பழைய வித்தை. காதுக்கு ஒரு கருவி எங்களிடம் முன்பே இருந்தது என்று சொல்லத்தான் இதையெல்லாம் இழுக்கிறேன். கண்ணுக்கான கருவி வந்து சேரக் கொஞ்சம் காலம் எடுத்தது.

அது வந்த பாதை பெரும்பாலும் பயிற்சி வகுப்புகள் வழியேதான். வளரும் நாட்டு இளம் விஞ்ஞானிகளுக்காக ஆஸ்திரியா 1975இல் நன்னீரியல் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. அந்நாட்டு ஆய்வாளர்கள் 1979 முதல் இலங்கை ஆய்வாளரோடு பொலன்னறுவைப் பராக்கிரம சமுத்திரத்தில் இறங்கி ஆராய்ந்தது 1983இல் நூலாக வந்தது. மன்னர் கட்டிய குளத்தை நாள்தோறும் அளக்கப் பழகிய தலைமுறை அப்படி உருவானது. மட்டக்களப்பில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்து, 1986இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தோணியில் போய் அளக்க மாணவர் கிடைத்த அதே ஆண்டுகளில், போரால் தோணியில் போவதே ஆபத்தாகிவிட்டது. இறால் வளர்ப்போருக்கு இந்தத் தட்டு அன்றாடக் கருவி. குளத்து நீரில் முப்பது நாற்பது சென்ரிமீற்றரில் மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது என்று அர்த்தம். படுவான்கரையில் மகிழடித்தீவில் அப்படியொரு இறால் பண்ணை இருந்தது. 1987 ஜனவரியில் அங்கே வேலை செய்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பக்கம் போகிறபோது இறாலைப் பற்றி யாரும் முதலில் பேசுவதில்லை.

போர் நடக்கும்போதே உலகம் 'ஒருங்கிணைந்த நீர்வள முகாமைத்துவம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்துவிட்டது. 1992 ஜனவரியில் டப்ளின் மாநாடு நான்கு கோட்பாடுகளைச் சொன்னது: நன்னீருக்கு எல்லையுண்டு, பயன்படுத்துவோர் முடிவெடுப்பில் இருக்க வேண்டும், பெண்களின் பங்கு மையமானது, நீருக்குப் பொருளாதார மதிப்பு உண்டு. பிறகு பட்டப்படிப்புகள் வந்தன. பேராதனை, சென்னை அண்ணா பல்கலைக்கழகம், டாக்கா, நேபாளம் ஆகியவை சேர்ந்து 2005 தொடங்கிப் பொறியியலாளருக்குச் சமூகவியலையும் சேர்த்துக் கற்பித்த தெற்காசியத் திட்டம் அவற்றுள் உருப்படியானது. மற்றபடி நான் இருந்த பட்டறைகளில் பல குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தன. திரையில் ஒரு முக்கோணம், பைக்குள் பேனா, பகலுக்குச் சாப்பாட்டுப் பொதி, மாலையில் சான்றிதழ். நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் மீன்பிடித் திணைக்களத்தாரும் அடுத்தடுத்த கதிரைகளில் இருந்தார்கள். ஆற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

தோணியில் ஏறினால் முக்கோணம் தேவைப்படாது. வாவி 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரை: நகரமும் மலசலகூடக் குழிகளும் மணல் கிணறுகளும். மேற்கே படுவான்கரை: வயல் வட்டைகளும் குளங்களும். உன்னிச்சைப் பக்கத்து வடிநீர், நவகிரிப் பக்கத்து வடிநீர், யூரியா கரைந்த வயல்நீர், சந்தைக் கழிவு, ஆற்றுவாழை எல்லாம் ஒரே தட்டின் மேல்தான் வந்து படிகிறது. எந்தத் திணைக்களத்துச் சேறு என்று தட்டு பிரித்துச் சொல்லாது.

தெற்கே கல்லாற்றுப் பக்கம் இறக்கினால் அந்தச் சேற்றில் கல்லோயா ஆறும் கலந்திருக்கும். அந்த ஆற்றை மறித்து இங்கினியாகலையில் 1949இல் கட்டத் தொடங்கிய சேனாநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை வாய்க்கால் வடிநீரில் ஒரு பங்கு இங்கேதான் வருகிறது. வாய்க்காலின் தலைப்பில் சிங்களக் குடியேற்றங்கள், வாலில் தமிழ்க் கிராமங்கள். வாலுக்குத் தண்ணீர் வருவது அபூர்வம். 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளைப் பயிற்றி விவசாயிகளோடு வாழ அனுப்பின. பல ஆண்டுகளாகத் தூர் வாராத வாய்க்கால்களை விவசாயிகளே வெட்டித் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிச்சத்தைக் கீழே விட்டார்கள். 1997 சிறுபோகத்தில் குளத்தில் நீர் குறைந்து, 65,000 ஏக்கரில் 15,000 ஏக்கருக்குத்தான் அதிகாரிகள் அனுமதித்தார்கள். விவசாயிகள் 65,000 ஏக்கரையும் செய்து வழக்கத்துக்குக் குறையாத விளைச்சலையும் எடுத்தார்கள். பயிற்சி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். இதற்கும் வயல்களுக்கு நீர் பங்கிட்ட பழைய வட்டைவிதானைக்கும் தூரம் அதிகமில்லை.

தட்டின் குணம் தெரிய மாரியில், வாவி கடலோடு சேரும் பாலமீன்மடுவுக்குப் போக வேண்டும். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை மூடிவிடும். மாரியில் மேற்கிலிருந்து வெள்ளம் இறங்கும். கடலுக்கு வழி இல்லை. வேளாண்மை நீருக்குள் கிடக்கிறது, உடனே வெட்டு என்பது படுவான்கரை. நேரத்துக்கு முன் வெட்டினால் இறாலும் குஞ்சும் கடலோடு போய்விடும், கொஞ்சம் பொறு என்பது மீன்பிடிக்காரர். இரண்டும் நியாயந்தான். கச்சேரியில் கூட்டம் நடக்கும், அதிகாரிகள் வருவார்கள், கடைசியில் ஒரு பெக்கோ இயந்திரம் மணலுக்குள் இறங்கும். முதல் வாளி மணலை அள்ளிய இடத்தில் ஒரு வாய்க்கால் அளவு நீர் ஓடும். ஓடும் நீரே கரையை அறுத்து அறுத்து, பொழுது சாய்வதற்குள் நின்று பேச முடியாத இரைச்சலாகிவிடும். வெட்டுமுன் தட்டை இறக்கினால் தேநீர் நிறத்தில் உடனே மறையும். வெள்ளம் வடிந்து கடல் உள்ளே வரத் தொடங்கியதும் அதே இடத்தில் ஒவ்வொரு முடிச்சாகக் கயிறு கூடும். அந்த இரண்டு எண்களுக்கிடையில் இரண்டு கரைகளின் வழக்கும் கிடக்கிறது.

அளப்பது இலேசு என்று நினைக்க வேண்டாம். வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில், தோணியின் நிழல் பக்கம், கறுப்புக் கண்ணாடி போடாமல். மறையும்வரை இறக்கி ஒரு தரம், தெரியும்வரை தூக்கி ஒரு தரம், இரண்டின் நடு. முதல் மாணவி ஒரு முடிச்சைச் சொன்னாள். மற்றவள் அரை முடிச்சுக் கூட என்றாள். இன்னொரு இடத்தில் தட்டு சேற்றில் போய்க் குந்திவிட்டது, இன்னும் கறுப்பு வெள்ளை தெரிகிறது. அந்த எண்ணைச் செல்லாது என்று எழுதத் தெரிவதே பயிற்சியில் பாதி. மின்கருவி இலக்கத்தைத் தானே காட்டிவிடும், தப்பென்றாலும் கூசாது. இங்கே இரண்டு பேர் கண்ணை வைத்துச் சண்டை பிடித்துத்தான் ஓர் எண் வரும்.

"நான் சின்னப் பொடியனா இருக்கக்குள்ள," என்றார் ஐயா, "நெஞ்சளவு தண்ணியில நிண்டா கால் பெருவிரல் தெரியும்." இப்படிச் சொன்ன இன்னொருவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பேர்னி ஃபௌலர். மாநிலச் செனட்டராக இருந்த அவர் 1988 முதல் ஆண்டுதோறும் பட்டக்சன்ற் ஆற்றில் வெள்ளைச் சப்பாத்தோடு இறங்கி, சப்பாத்து எந்த ஆழத்தில் மறைகிறது என்று ஊரைக் கூட்டிக் காட்டினார். நீரில் நனைந்த காற்சட்டையை அளவுநாடாவால் அளப்பார்கள்.

கரை தட்டுமுன் ஐயா தோணியைத் தள்ள நீரில் இறங்கினார். குனிந்து பார்த்தார். "இப்ப முழங்காலோடயே போயிட்டுது." மூத்த மாணவி படிவத்தைத் திறந்து, குறிப்புகள் என்ற கட்டத்தில் 'முழங்கால்' என்று எழுதினாள். அவர் கரையேறி வந்ததும், ஈரக் கயிற்றின் நுனியை அவர் குதிக்காலடியில் வைத்து மேலே பிடித்துப் பார்த்தாள். நாலு முடிச்சு, கொஞ்சம் கூட.