முத்திரையில்லா மேக்: சென்னையின் மேற்குப் புறநகரில் அசெம்பிள் தொழிலும் ஆப்பிள் இயங்குதளமும்

ஆப்பிள் நிறுவனத்தின் இயங்குதளத்தை ஆப்பிள் தயாரிக்காத கணினியில் ஓடவைப்பதற்கு ஹாக்கின்டாஷ் என்று பெயர். மேல்நாட்டில் இதைப் பற்றி எழுதியவர்கள் பொழுதுபோக்காளர்களின் விளையாட்டு என்றார்கள். அல்லது பெருநிறுவனத்தின் பூட்டை உடைக்கும் கலகம் என்றார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு விளக்கமும் ஒட்டவில்லை. அடுத்தவர் முத்திரையின் கீழ் பொருளைப் பூட்டிக் கொடுத்தே பிழைத்த பகுதி இது. முத்திரையை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் பூட்டிக்கொண்ட ஒரு சிறு இடைவேளையாகவே இங்கே ஹாக்கின்டாஷைப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ் என்ற இங்கிலாந்துப் பெயரில் மிதிவண்டி செய்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் வெளிவந்த விஜயந்தா டாங்கி, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. 1964-இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்றாக வளர்ந்தது. அங்குள்ள லேத் பட்டறைகள் செய்த உதிரிபாகங்களில் பெரும்பகுதி வேறொருவர் பெயர் பொறித்த வண்டிக்குள் போய் மறைந்தது. அளவு பிசகாமல் செய்வது நம் வேலை, பெயர் போடுவது அவர்கள் வேலை.

கணினி இந்த ஏற்பாட்டுக்குள் வேறு வாசல் வழியாக வந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை, பாகங்களாக இறக்குமதி செய்வதை எளிதாக்கியது. 1997-இல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தபின் சுங்க வரி படிப்படியாக இறங்கி 2005 வாக்கில் பூஜ்யத்தைத் தொட்டது. ஆண்டு விற்றுமுதலில் ஒரு வரம்பு வரை சிறுதொழில்களுக்குக் கலால் வரி விலக்கும் இருந்தது. 2007 பட்ஜெட்டில் அந்த வரம்பு 1 கோடியிலிருந்து 1.5 கோடி ரூபாயானது. லேத் பட்டறைக்கும் கணினி அசெம்பிள் செய்யும் கடைக்கும் ஒரே வரிச் சலுகை. கம்பெனி கணினியைவிட அசெம்பிள் செட் மலிவாக இருந்ததற்குக் கடைக்காரரின் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவின் கொட்டேஷன் சீட்டை இந்த அசெம்பிள் காலத்தின் முதன்மை ஆவணமாக எடுத்துக்கொள்ளலாம். பிராசஸர், மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், எஸ்எம்பிஎஸ், கேபினட், கீபோர்டு, மவுஸ் என்று வரிவரியாக விலை. கடைசியில் ஒரு கூட்டல். இயங்குதளத்துக்கு அதில் வரியே இருக்காது. அது ‘லோடு பண்ணித் தர்றோம்’ என்ற வாய்வார்த்தையில் அடங்கிவிடும். வானொலி உதிரிபாகக் கடைகளாகத் தொடங்கிய அந்தத் தெருவில் சாமானை வாங்கி, 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த புறநகர் நிலையத்தில் ரயிலேறினால் அம்பத்தூர், ஆவடி. பூந்தமல்லிக்காரர்களுக்குப் பேருந்துதான், மடியில் மானிட்டரோடு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம்.

இந்தச் சீட்டுக்குள் ஆப்பிள் நுழைய முடிந்தது 2005 ஜூன் 6-க்குப் பிறகே. அன்று ஸ்டீவ் ஜாப்ஸ், மேக் கணினிகள் இன்டெல் சில்லுக்கு மாறும் என்று அறிவித்தார். உருவாக்குநர்களுக்கு வாடகைக்குக் கொடுத்த சோதனைக் கணினியில் இருந்தது பென்டியம் 4. அதிலிருந்து கசிந்த இயங்குதளம் சில மாதங்களுக்குள் சாதாரணக் கணினிகளில் ஓடத் தொடங்கியது. 2006-இல் வந்த மேக் மினியிலும் மேக்புக்கிலும் இருந்த கிராஃபிக்ஸ் இன்டெல் ஜிஎம்ஏ 950. இங்கே அசெம்பிள் கடைகளில் மலிவாகக் கிடைத்த 945ஜி மதர்போர்டுகளிலும் அதே ஜிஎம்ஏ 950. ஆப்பிளே தேர்ந்தெடுத்த பாகம் ரிச்சி தெரு சீட்டில் ஏற்கெனவே இருந்தது.

வேறுபாடு ஒரு சிறு சில்லில் இருந்தது. உண்மையான இன்டெல் மேக்கில் விசிறி, வெப்பம், மின்சாரம் ஆகியவற்றைக் கவனிக்கும் எஸ்எம்சி சில்லுக்குள் ஒரு சாவிச் சொற்றொடர் பதிந்திருக்கும். ஃபைண்டர், டாக் போன்ற முக்கிய நிரல்கள் பூட்டப்பட்டு வரும்; அந்தச் சாவி கிடைத்தால்தான் திறக்கும். ஹாக்கின்டாஷ் கருவிகள் அந்தச் சில்லு இருப்பதுபோல் பாவனை செய்தன. ஆப்பிளின் இஎஃப்ஐ துவக்க முறையையும் பழைய பயாஸ் மேல் நடித்துக் காட்டின. கமிலியான், 2010-க்குப் பிறகு மல்ட்டிபீஸ்ட், அப்புறம் க்ளோவர், 2019-இல் ஓப்பன்கோர் என்று கருவிகள் மாறின. பாவனை மாறவில்லை.

பெரிய பூட்டு திறந்தபின் சின்ன விஷயத்தில் வண்டி நின்றுவிடும். மேக் கணினிகளில் பிஎஸ்/2 துளை கிடையாது, அதற்கான டிரைவரும் நிறுவும் தட்டில் கிடையாது. இங்கோ டிடிபி சென்டர்களில் தட்டித் தேய்ந்தது சென்னை நிறுவனமான டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் கோல்டு கீபோர்டு. அதன் பிஎஸ்/2 வகை ஊரெங்கும் இருந்தது. விற்பனைத் தட்டை அப்படியே போட்டால் வரவேற்புத் திரை வரும், மொழி கேட்கும், கீபோர்டு செத்துக் கிடக்கும். வூடூபிஎஸ்2 என்ற டிரைவரை முன்கூட்டியே சேர்க்க வேண்டும், அல்லது பக்கத்துக் கடைக்கு ஓடி யுஎஸ்பி கீபோர்டு வாங்க வேண்டும். அடுத்து ரியல்டெக் ஒலி. அதற்கடுத்து ஸ்லீப்: தூங்கப் போன கணினி எழுந்திருக்காது. ஆப்பிள் மேம்படுத்தல் வந்தால் சேர்த்த டிரைவர்கள் அழிந்துபோகும் என்பதால் ‘அப்டேட் மட்டும் கொடுத்துடாதீங்க’ என்ற எச்சரிக்கையோடுதான் இத்தகைய செட் கைமாறும்.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு மேக்? விலை பாதி விடைதான். மீதி கோடம்பாக்கத்தில் இருக்கிறது. ஆவிட் படத்தொகுப்பு முறை 1989-இல் மேக்கின்டாஷில்தான் வெளிவந்தது. ஃபைனல் கட் ப்ரோ 1999 முதல் பல ஆண்டுகள் மேக்கில் மட்டுமே ஓடியது. 2007-இல் ஆப்பிள் ப்ரோரெஸ் என்ற காணொளி வடிவத்தைக் கொண்டுவந்தது. படத்தொகுப்பும் வண்ணத் திருத்தமும் அந்த வடிவத்தில் பழகிவிட்டபின், வேலையைத் திருப்பிக் கொடுக்கும்போதும் ப்ரோரெஸ் கோப்பாகவே கேட்பார்கள். விண்டோஸில் அடோபி மென்பொருள்கள் ப்ரோரெஸ் எழுதத் தொடங்கியது 2018 டிசம்பரில். அந்த இடைப்பட்ட பத்தாண்டில், கல்யாண வீடியோவோ குறும்படமோ எடிட் செய்துகொண்டு பெரிய ஸ்டுடியோவோடும் தொழில் நடத்த வேண்டியவருக்கு மேக் ஆடம்பரமல்ல, தொழில் நுழைவுச்சீட்டு. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈவிபி பிலிம் சிட்டி வந்தபின் படத்தொழிலே மேற்கு நோக்கி நகர்ந்து வந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஈர்ப்பும் உண்டு, சிறியதானாலும். முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் மேக் இயங்குதளத்தோடேயே வந்தன. விண்டோஸில் எழுத்துருவுக்கு ஒரு மென்பொருள், விசைப்பலகைக்கு ஒரு மென்பொருள் என்று அலைந்தவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல.

சட்டம் பற்றிப் பேசுபவர்கள் அமெரிக்காவின் சைஸ்டார் வழக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். ஃபுளோரிடாவைச் சேர்ந்த அந்த நிறுவனம் 2008 ஏப்ரலில் ஆப்பிள் இயங்குதளம் போட்ட கணினிகளை விற்கத் தொடங்கியது, ஜூலையில் வழக்கு, 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் ஆப்பிள் பக்கம் தீர்ப்பளித்தார், 2011-இல் மேல்முறையீடும் தோற்றது. அன்றைய உரிமத்தில் ‘ஆப்பிள் லேபிள் கொண்ட கணினி’ என்று இருந்தது. பெட்டியோடு வரும் ஆப்பிள் ஸ்டிக்கரை எடுத்துக் கேபினட்டில் ஒட்டினால் போதுமே என்று கேலி கிளம்பியது. அடுத்த பதிப்பில் அது ‘ஆப்பிள் பிராண்டு கணினி’ என்று மாறியது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் நோக்கு வேறு. 1999 திருத்தம் சேர்த்த 52(1)(ஏபி) பிரிவு, ஒரு நிரலை முறையாக வைத்திருப்பவர் அதைப் பிறவற்றோடு இயைந்து செயல்படச் செய்யத் தேவையான தகவலைப் பெற இடம் தருகிறது. 2012-இல் வந்த 65ஏ பிரிவு, பூட்டை உடைத்ததற்காக மட்டும் தண்டிப்பதில்லை; உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்திருக்க வேண்டும். ஆகவே காசு கொடுத்து வாங்கிய தட்டைத் தன் வீட்டுக் கணினியில் போட்டவருக்கு இங்கே வாதாட இடமுண்டு என்பது என் வாசிப்பு. திருட்டுத் தட்டில் இயங்குதளம், அதன்மேல் திருட்டு ஃபைனல் கட் என்று வைத்திருந்தவர் இந்த நிழலில் ஒதுங்க முடியாது. அப்படிப்பட்டவர்களே அதிகம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

இந்த இடைவேளையை முடித்தவை விலையும் சில்லும். 2020 ஜூனில் ஆப்பிள் சொந்தச் சில்லுக்கு மாறுவதாக அறிவித்தது. நவம்பரில் வந்த எம்1 மேக் மினியின் இந்திய விலை 64,900 ரூபாய். நல்ல கிராஃபிக்ஸ் அட்டையோடு செட் அசெம்பிள் செய்யவே ஏறத்தாழ அவ்வளவு ஆகும்போது யார் பாவனை செய்துகொண்டிருப்பார்? இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு டஹோ என்பதை 2025-இல் நிறுவனமே சொல்லிவிட்டது.

அதற்குள் முத்திரை இந்தப் பக்கம் தானாகவே வந்துவிட்டது. திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன் தயாராகிறது. அங்கே பூட்டும் பெண்களில் பலர் பூந்தமல்லிப் பக்கத்து விடுதிகளில் தங்கியவர்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அப்போதுதான் இவர்கள் இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. வரிசையில் ஒருத்திக்கு ஒரு வேலை. முழுப்பொருள் எவர் கையிலும் உருவாவதில்லை. டி.ஐ. சைக்கிள்ஸ் காலத்து ஏற்பாடு மேலும் நுணுகிய வடிவில் திரும்பியிருக்கிறது.

ஹாக்கின்டாஷ் கைத்திறன் இப்போது எதிர்த்திசையில் போகிறது. 2012 மேக்புக் ப்ரோவை ஆப்பிள் கேட்டலினா பதிப்போடு கைகழுவிவிட்டது. ஓப்பன்கோரை அடித்தளமாகக் கொண்ட லெகசி பேட்சர் என்ற கருவி அதே கணினியில் பிந்தைய பதிப்பான செக்கோயாவை ஏற்றுகிறது. கைமாறி வந்த பழைய மேக்கை வைத்திருப்பவர்களுக்கு இது ஐந்தாறு ஆண்டு கூடுதல் ஆயுள். சைஸ்டாரைக் கவிழ்த்த நிபந்தனையும் இங்கே குறுக்கே நிற்காது, பெட்டி ஆப்பிளுடையதேதான். மென்பொருளைத் திருத்தக் கூடாது என்ற விதி மட்டும் உரிமத்தில் இன்னும் பாக்கி இருக்கிறது.