காகிதப் பங்கீடும் கருத்துரிமையும்

இந்தியப் பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாறு பெரும்பாலும் தடையாணைகளையும் தணிக்கையையும் சுற்றியே எழுதப்பட்டிருப்பினும், விடுதலைக்குப் பிந்தைய முதல் அரை நூற்றாண்டில் எந்தக் கருத்து எத்தனை பேரைச் சென்றடையும் என்பதைத் தீர்மானித்ததில் காகிதத்துக்கும் பெரும் பங்குண்டு. ‘நியூஸ்பிரிண்ட்’ எனப்படும் பத்திரிகைக் காகிதம் பெருமளவு இறக்குமதியையே நம்பியிருந்தது. மத்தியப் பிரதேசத்தின் நேபாநகர் ஆலை 1950களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கிய பின்னரும் பற்றாக்குறை தீராததால், யாருக்கு எவ்வளவு காகிதம் என்பதை அரசே பங்கிட்டு வந்தது.

இதனுடன் பிறந்ததே விலை–பக்கக் கட்டுப்பாடு, அதாவது ஒரு நாளிதழ் இன்ன விலைக்கு இத்தனை பக்கங்களுக்கு மேல் தரக்கூடாது என்னும் விதி. விளம்பர வருவாய் மிகுந்த பெரிய ஏடுகள் குறைந்த விலைக்கு நிறையப் பக்கங்களைத் தந்து சிறிய ஏடுகளை நசுக்கிவிடும் என்ற அச்சத்தால் முதலாவது பத்திரிகை ஆணையம் இதைப் பரிந்துரைக்க, 1956இல் சட்டமும் 1960இல் ஆணையும் வந்தன. ஆனால் வழக்கு தொடுத்ததோ புணேயின் மராத்தி நாளிதழான ‘சகாள்’. ஏழு காசு விலையில் வாரத்தின் ஆறு நாட்களில் மொத்தம் 34 பக்கங்கள் தந்துவந்த அந்த ஏடு, புதிய ஆணைப்படி 24 பக்கங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் விலையை எட்டுக் காசாக உயர்த்த வேண்டும். பக்கம் குறைந்தாலும் விலை கூடினாலும் வாசகர் பரப்பு சுருங்கும் என்பதால் இது பேச்சுரிமையையே நேரடியாகத் தாக்குவதாகக் கருதிய உச்ச நீதிமன்றம், பொதுநலன் என்ற பொதுப்படையான காரணத்துக்காக அவ்வுரிமையைக் குறைக்க அரசமைப்புச் சட்டத்தின் 19(2) பிரிவு இடமளிக்கவில்லை என்று கூறி, 1961இல் சட்டத்தையும் ஆணையையும் செல்லாதவையாக்கியது.

பத்தாண்டு கழித்து அதே நோக்கம் காகித ஒதுக்கீட்டின் வழியாகத் திரும்பி வந்தது. பத்துப் பக்க உச்சவரம்பு விதித்ததோடு, ஒரே உரிமையாளரின் கீழுள்ள நிறுவனங்கள் தமக்குக் கிடைத்த காகிதத்தைக் கொண்டுகூடப் புதிய ஏடு தொடங்கக்கூடாது என்றும் சொன்ன 1972–73ஆம் ஆண்டுக் கொள்கையை எதிர்த்து, ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வை வெளியிடும் பென்னட் கோல்மன் நிறுவனம் முதலியோர் தொடுத்த வழக்கில், இது காகிதத்தை அல்ல, பத்திரிகையையே கட்டுப்படுத்துகிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கண்டனர். நீதிபதி கே.கே. மேத்யூ மட்டும் மாறுபட்டார்: பேச்சுரிமை பேசுபவனுக்கு மட்டுமன்றிப் பல்வேறு கருத்துகளையும் அறிய வேண்டிய சமூகத்துக்கும் உரியது என்பதும், ஊடகத்தை அணுகும் வழி சிலரிடம் மட்டும் இருந்தால் அவ்வுரிமை குறைபட்டதே என்பதும் அவர் வாதத்தின் சாரம். அவர் எழுப்பிய கேள்வி சரியானது; ஆனால் தன்னை விமர்சிக்கும் ஏட்டின் காகிதத்தை ஓர் அரசு அளந்து தருவது அதற்கு விடையாகாது.

1979இல் தொடங்கப்பட்டுக் கரும்புச் சக்கையிலிருந்து பத்திரிகைக் காகிதம் தயாரித்த தமிழ்நாடு காகித ஆலை போன்றவற்றாலும், 1990களில் இறக்குமதி தளர்த்தப்பட்டதாலும் பங்கீடு மறைந்தது. மேத்யூவின் கேள்வி மறையவில்லை. வானலைகள் பொதுச்சொத்து என்றும் அவை பன்முகக் கருத்துகளுக்குப் பயன்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. அதற்கு முன்பே, 1992இல், ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் இதழில் ஒருவரின் மறுப்புரையை வெளியிட வேண்டும் என்றும் அது தீர்ப்பளித்திருந்தது. எனினும் அத்தீர்ப்பு பொதுத்துறை அமைப்பொன்றின் இதழைப் பற்றியதே; தனியார் பத்திரிகை மறுப்புரையை வெளியிட மறுத்தால் பிரஸ் கவுன்சில் கண்டிக்கலாமே தவிரத் தண்டிக்க முடியாது.