கோயிற் சுவரே ஊரின் ஏடு

ஓர் ஊரின் பழமையை அறிய விழைவோர் அரண்மனையையும் கோட்டையையும் தேடிச் செல்வது வழக்கம். ஆயினும், ஊரார் கூடி எழுப்பித் தலைமுறைதோறும் பழுதுபார்த்து வழிபட்டுவரும் சிறு கோயில் உரைக்கும் செய்தியை அரண்மனைகள் உரைப்பதில்லை. இங்கிலாந்தின் சிற்றூர்களில் இடைக்காலத்தில் எழுந்த தேவாலயங்கள் பல இன்றும் வழிபாட்டில் உள்ளன. ஒரு நூற்றாண்டினர் கூடம் அமைக்க, மற்றொரு நூற்றாண்டினர் மணிக்கோபுரம் எழுப்பினர். ஆகவே, அக்கட்டடத்தின் கல்வரிசைகளே ஊரின் வரலாறாயின. பழங்கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் முறையை அந்நாட்டார் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக நிலைநிறுத்தினர்.

இத்தகைய ஊர்க்கோயிலைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. பிழைப்பின் பொருட்டு ஹெப்பகோடியிலும் பொம்மசந்திரத்திலும் வந்து குடியேறிய தமிழர், 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பெற்ற மெட்ரோ மஞ்சள் தடத்தில் சில்க் போர்டு நிலையம் வரை சென்றால் போதும். அதன் அண்மையிலுள்ள மடிவாளத்தில் சோமேசுவரர் கோயில் நிற்கிறது. அதன் புறச்சுவர்களில் தமிழ் எழுத்திலும் கிரந்த எழுத்திலும் கல்வெட்டுகள் காணப்படுகின்றன.

அவற்றைக் காணுமுன், திராவிட முறைக் கோயிலின் அமைப்பை அறிந்துகொள்வது நன்று. நிலத்தை ஒட்டியிருப்பது அதிட்டானம் எனப்படும் அடித்தளம். அதில் உபானம், சகதி, குமுதம், பட்டிகை என உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். அதன்மேல் அரைத்தூண்களோடு கூடிய சுவர். சுவர்மேல் கூரையைத் தாங்கும் பிரஸ்தரம். அதற்கும் மேலே கழுத்தும் சிகரமும் கலசமும் அமையும். சிறு கோயில்கள் பலவற்றில் பிரஸ்தரம் வரை கருங்கல்லாலும், அதற்கு மேற்பட்ட பகுதி செங்கல்லாலும் சுண்ணத்தாலும் ஆனவை. செங்கல் சிதையும், மீண்டும் கட்டப்படும். அடித்தளக் கல்லோ அப்படியே நிற்கும். ஆதலின், கோபுரத்தின் புதுமையைக் கண்டு கோயிலின் வயதை அளவிடுதல் பொருந்தாது. குனிந்து அடிவரிசையை நோக்குதல் வேண்டும். கொடையாளரும் இதனை நன்கறிந்தே தங்கள் ஆவணங்களைக் கல்லிலும் சுவரிலும் பொறித்தனர்.

மடிவாளத்துக் கல்வெட்டுகளுள் பழமையானது 1247ஆம் ஆண்டினது. வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தை வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் கொடையாக அளித்ததை அது கூறுகிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். நாம் வந்த அதே ஓசூர்ச் சாலையை அடுத்த ஊர். தாமரைக்கரை என்னும் ஊரும் இக்கல்வெட்டுகளில் வருகிறது. அது அருகிலுள்ள தாவரெகெரேயாதல் கூடும்.

இங்கிருந்து வடக்கே தொம்மலூரில் சொக்கப்பெருமாள் கோயில் உள்ளது. பெயரைக் கேட்டு மதுரைச் சொக்கரை நினைக்கிறோம்; ஆனால் இங்கு எழுந்தருளியிருப்பவர் திருமால். இக்கோயிலுக்கு அழகியார் என்பார் வாயில் நிலைக்கால்கள் இரண்டினை அளித்த செய்தியை 1270ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்லுகிறது. இரண்டே நிலைக்கால்கள்! பேரரசர் கொடையன்று, எனினும் எழுநூற்றைம்பது ஆண்டுகளாக அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

இந்த ஆண்டுகளை நாம் கருத்தோடு நோக்க வேண்டும். கங்கநாடு 1004ஆம் ஆண்டளவில் சோழர் வசமாயிற்று. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1116ஆம் ஆண்டளவில் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து கைப்பற்றினான். 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டோ அதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. அரசு மாறிய பின்னும் தமிழ் இங்கு ஆவண மொழியாக வாழ்ந்தமைக்குக் காரணம் வாளன்று; கொடையளித்தவர்களும் எழுதியவர்களும் படித்தவர்களுமான குடிமக்களே. அதே பேகூரின் நாகேசுவரர் கோயிலில் 890ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பெற்ற கன்னடக் கல்வெட்டு, பெங்களூரில் நடந்த போரைக் குறிப்பிடுகிறது. ஆகவே, இந்நகரின் கற்கள் இரு மொழிகளிலும் பேசுகின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுப்பது வரலாறாகாது.

மைசூர் அரசின் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த லூயி ரைஸ், பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்வெட்டைப் படியெடுத்தோர் தம் கடமையைச் செய்தனர். கல்லைக் காக்கும் கடமை நம்முடையது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும், 1961ஆம் ஆண்டுக் கருநாடகச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குக் காவலாக உள்ளன. ஆனால், ஊர்க்கோயில்கள் எல்லாம் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. பக்தியின் மிகுதியால் திருப்பணி செய்வோர் எழுத்தின்மேல் வண்ணம் பூசுகின்றனர், சிமெண்டு அப்புகின்றனர், மணலை விசையோடு வீசிக் கல்லைத் துலக்குகின்றனர். சாலை உயர உயர அடித்தளம் மண்ணுள் மறைகிறது. வண்ணத்தை அகற்ற வழியுண்டு. தேய்ந்துபோன எழுத்தை மீட்க வழியில்லை.

அன்பர்களே! அடுத்த விடுமுறை நாளில் நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கோயிலை வலம் வருகையில் அச்சுவரின்முன் சற்று நிற்போம். திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வருவோரிடம் மனமுவந்து கொடுப்போம். கொடுக்கும்போதே, எழுத்துள்ள கல்லைத் தொடாதீர் என்று கன்னட அண்டை வீட்டாரோடு சேர்ந்து வேண்டிக்கொள்வோம். அழகியார் நிலைக்கால் அளித்தார். நாம் அளிக்கக்கூடியது இந்தக் காவலே.