விட்டுவைக்க வேண்டிய தோல்: இமை அழகு அறுவையும் கண்ணின் நலமும்

இமை அழகு அறுவைக்கு வருவோர் எவ்வளவு தோலை எடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். எவ்வளவு தோலை விட்டுவைப்பார்கள் என்று கேட்பதே முறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் உள்ளது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை மூடித் திறந்து, கண்ணீரை விழிமேல் பரப்புவது இமையின் வேலை. மேலிமையில், புருவத்துக்கும் இமைமயிருக்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தோலாவது எஞ்ச வேண்டும் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் அளவு. அதைவிட மிகக் குறைந்தால் உறக்கத்தில் இமை முழுதாக மூடாமல் போகலாம். கருவிழி காய்ந்து புண்ணாகலாம். கூடுதலாக விட்ட தோலைப் பின்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். அளவு மீறி எடுத்துவிட்டாலோ வேறிடத்துத் தோலை ஒட்டவேண்டி வரும். அதன் நிறமும் மென்மையும் இமைத்தோலுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

கொழுப்பின் கதையும் இதுவே. 1951-இல் அறுவை மருத்துவர் காஸ்டனாரெஸ் இமைக் கொழுப்பின் அறைகளை விளக்கினார். அதன்பின் பல்லாண்டுகள் கொழுப்பைத் தாராளமாக அகற்றுவதே வழக்கமாக இருந்தது. வயது ஏற ஏற அந்தக் கண்களில் பல குழிவிழுந்தன. இளமைக்காகச் செய்தது முதுமையைக் கூட்டிக் காட்டியது. இன்று கொழுப்பைக் காப்பதும் இடம் மாற்றி அமைப்பதும் பரவியிருப்பது அந்தப் பட்டறிவின் விளைவு.

தொங்கும் இமைக்கெல்லாம் மிகுதோல் காரணமாகாது. இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருந்தால் தோலை வெட்டிப் பயனில்லை. புருவமே இறங்கியிருந்தால், வெட்டியபின் அது இன்னும் இறங்கக்கூடும். மாலையில் தொய்வு கூடினால், இரட்டைப் பார்வையும் இருந்தால், தசைகளை எளிதில் சோரவைக்கும் மயஸ்தீனியா கிரேவிஸ் நோயை ஐயுற வேண்டும். தைராய்டு கண்நோய் இருந்தால், அறுவைக்கு முன் அது குறைந்தது 6 மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். பார்வைத் திருத்தத்துக்கான லேசிக் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களும் சில மாதங்கள் பொறுப்பது நல்லது. கண் எரிச்சல், உறுத்தல் உள்ளவர்களின் கண்ணீரை முன்னதாகவே அளந்து பார்க்க வேண்டும். கீழிமையில் தாள் துண்டை 5 நிமிடம் செருகிப் பார்க்கும் ஷிர்மர் சோதனை எளியது. புகைப்படத்தை மட்டும் பார்த்து அறுவைக்கு நாள் குறிப்பதை எவ்விதத்திலும் ஏற்க முடியாது.

பெரும்பாலோருக்கு அறுவை நன்றாகவே முடிகிறது என்பார்கள். உண்மைதான். பார்வையை மறைத்த தோல் நீங்கி, காட்சிப்புலம் விரிந்தவர்களும் உண்டு. ஆனால் விருப்பத்துக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சையில் அரிய இடரும் எடைபோட வேண்டியதே. விழிக்குப் பின்னால் குருதி கசிவது ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு நேர்வதாகக் கணிக்கப்படுகிறது. நிலையான பார்வையிழப்பு அதைவிட மிக அரிது. குருதி உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் அதை அறுவை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதய மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. கசிந்த குருதி பார்வை நரம்பை அழுத்தினால் ஓரிரு மணி நேரத்திலேயே பார்வை மீளாமல் போகலாம். அறுவைக்குப் பின் கடும் வலியோ, கண் பிதுங்கலோ, பார்வை மங்கலோ தோன்றினால் விடியும்வரை காத்திராதீர்கள். அந்த நொடியே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.