புதுச்சேரியைக் காத்த கடற்சுவர்

26.12.2004 அன்று நம் பினாங்கிலும் கெடாவிலும் உயிர்களைப் பறித்த ஆழிப்பேரலை, சோழமண்டலக் கரையையும் சூறையாடியது. ஆயினும் புதுச்சேரியின் பழைய நகரம் பெருஞ்சேதமின்றித் தப்பியது. அதனைக் காத்தது, பிரெஞ்சுக்காரர்கள் 1735இல் கட்டி முடித்த கடற்சுவர். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுவரைப் பின்வந்தோர் பெருங்கற்களை அடுக்கி வலுப்படுத்தி வந்தனர். பிரெஞ்சு ஆட்சி 1954இல் அகன்றது. பேணும் பணியோ நிற்கவில்லை. எனினும், சுவரின் காப்பு எட்டாத மீனவக் குப்பங்கள் பேரழிவுக்குள்ளாயின.

வரலாற்றுப் பாடத்தில் கட்டிய ஆண்டை மட்டும் மனனம் செய்விக்கிறோம். பேணியவர் யார், சுவருக்கு வெளியே விடப்பட்டவர் யார் என்றும் நம் பிள்ளைகள் வினவப் பழக்குவோம்.