ஏட்டுச் சட்டமும் நாட்டு மக்களும்

முதல் உலகப் போரில் தோல்வியுற்ற ஜெர்மனி, 1918 நவம்பரில் மன்னராட்சியை அகற்றிக் குடியரசாயிற்று. 1919 ஆகஸ்டில் வைமார் அரசியலமைப்புச் சட்டம் பிறந்தது. இருபாலார்க்கும் வாக்குரிமை, பேச்சுரிமை, சட்டத்தின் முன் சமத்துவம் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. எனினும் அக்குடியரசு நிலைத்தது 14 ஆண்டுகளே. இன்று வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் அகவையைக்கூட அது எட்டவில்லை. அதன் வீழ்ச்சிக்குரிய காரணங்களை அறிதல் நம் இளைஞர்க்கு இன்றியமையாதது.

போர் இழப்பீட்டுச் சுமை அந்நாட்டை வாட்டியது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4 லட்சம் கோடி மார்க்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஏழை எளியோரின் சேமிப்பு கரைந்தது. 1932இல் வேலையற்றோர் ஏறத்தாழ 60 லட்சம் பேர். போரில் தோற்றதற்கு உள்நாட்டுத் துரோகிகளே காரணம் என்ற பொய்யைப் பரப்பி, யூதர்மீது பழி சுமத்தினர் சிலர். நொந்திருந்த மக்கள் அதற்குச் செவிசாய்த்தனர்.

சட்டத்திலேயே ஒரு வாயிலும் திறந்திருந்தது. நெருக்கடியின்போது அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்க 48ஆம் விதி குடியரசுத் தலைவர்க்கு அதிகாரம் அளித்தது. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் தலைமை அமைச்சரானார். பிப்ரவரி 28இல் அவ்விதியைக் கொண்டே உரிமைகள் பறிக்கப்பட்டன. மார்ச் 23இல் நாடாளுமன்றமே தன் சட்டமியற்றும் அதிகாரத்தை அவரது அரசிடம் ஒப்படைத்தது. ஏப்ரல் 7இல் வந்த சட்டம் யூத ஊழியர் பலரை அரசுப் பணியினின்றும் நீக்கியது. காவலாய் நின்ற சட்டமே அவர்களுக்குப் பகையாயிற்று.

நம் நாட்டிலும் இவ்வச்சம் எழுந்ததுண்டு. 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத், நம் சட்டத்தின் நெருக்கடி விதிகளை வைமார் சட்டத்தோடு ஒப்பிட்டு எச்சரித்தார். அவ்வாண்டு நவம்பர் 25இல் அண்ணல் அம்பேத்கர் அதனினும் ஆழமானதொன்றை உரைத்தார். அரசியலில் சமத்துவமும் சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் உடன் வாழ இயலாது. தலைவர் வழிபாடு சர்வாதிகாரத்திற்கு வழி வகுக்கும் என்பன அவருடைய எச்சரிக்கைகள்.

1975 ஜூன் 25இல் நெருக்கடி நிலை வந்தது. தலைவர்கள் சிறைப்பட்டனர், செய்தித்தாள்கள் தணிக்கைக்குள்ளாயின. 1976 ஜனவரி 31இல் தமிழக அரசு கலைக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் நீதிமன்றத்தை நாடவியலாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவருள் நால்வர் தீர்ப்பளித்தனர், எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 1977 மார்ச்சில் மக்கள் வாக்குச் சீட்டால் மத்திய ஆட்சியை மாற்றினர். தமிழகம் அப்போது ஆண்ட கட்சியின் அணிக்கே வாக்களித்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது. நெருக்கடியிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்தக் கூடாதென 1978இன் 44ஆம் திருத்தம் வகுத்தது.

அன்புள்ள இளைஞர்களே, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆலைகள் பெருகியுள்ளன. பகலில் ஒரே இயந்திரத்தின் முன் தோளோடு தோள் நின்று உழைப்போர், மாலையில் ஊரென்றும் சேரியென்றும் பிரிந்து செல்கின்றனர். அண்ணல் சுட்டிய முரண்பாடு இதுவே. பிழைப்பு நலிந்த வேளையில் பிறமொழியாளரைப் பகைவரெனக் காட்டுவோரும் வருவர். 1991 டிசம்பரில் கர்நாடகத்தில் தமிழர் தாக்கப்பட்டு எல்லை கடந்து வந்ததை இவ்வட்டாரம் கண்டுள்ளது.

நிலமும் செல்வமும் உடையோர்க்குச் சட்டம் பல துணைகளுள் ஒன்று. நமக்கோ அதுவே முதல் துணை. ஆதலின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தல், கிராம சபையில் எழுந்து வினவுதல், நம்மவரேயாயினும் தலைவரிடம் கணக்குக் கேட்டல், அரசியலமைப்புச் சட்டத்தை நம் மொழியில் கற்றல் ஆகிய நான்கையும் நம் கடமைகளாகக் கொள்வோமாக. கல்வி கற்பிக்க எழுந்த நம் சங்கம், அடுத்த 25 ஆண்டுகளில் இப்பணியையும் ஏற்று நடத்துமாக!